ரேச்சல் கிளார்க்கின் தூண்டில்

2024 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தமது 100 வயதில் காலமானார். அப்போது வந்த செய்திகளில் எகிப்து–இஸ்ரேல் சமாதானம், ஈரான் பிணைக்கைதிகள் விவகாரம், 2002-இல் கிடைத்த நோபல் பரிசு ஆகியவை பேசப்பட்டன. அந்த மனிதர் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1988-இல் வந்த 'ஆன் அவுட்டோர் ஜர்னல்' என்ற அந்தப் புத்தகத்தையும், 2001-இல் தம் இளமைப் பருவத்தைப் பற்றி எழுதிய 'ஆன் அவர் பிஃபோர் டேலைட்' என்ற நூலையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. எண்பது, தொண்ணூறு வயது வரை ஒருவரை விடாத ஒரு பிரியம் எங்கிருந்து வருகிறது? கார்ட்டரின் வாழ்க்கையில் அது மூன்று பேரிடமிருந்து வந்தது. அந்த மூவரைப் பற்றியும், அந்தப் பிரியம் பிற்காலத்தில் ஒரு ஆற்றுக்குச் செய்த நன்மையைப் பற்றியும் இந்த இதழில் பார்ப்போம்.

ஆர்ச்சரி என்ற சிற்றூர்

கார்ட்டர் பிறந்தது 1924 அக்டோபர் 1 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் ப்ளெயின்ஸ் என்ற சிறு ஊரில். அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் அருகிலுள்ள ஆர்ச்சரிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஏர்ல் கார்ட்டர் அங்கே நிலக்கடலையும் பருத்தியும் பயிரிட்டார். வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. உழவுக்குக் கோவேறு கழுதைகள். பொழுது விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பண்ணை மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து வேலைக்குப் போக வேண்டும். ஐந்து வயதிலேயே அந்தப் பையன் வேகவைத்த நிலக்கடலையைப் பொட்டலம் கட்டி ப்ளெயின்ஸ் தெருவில் விற்றான்.

ஆர்ச்சரியில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சட்டமும் வழக்கமும் வெள்ளையரையும் கறுப்பரையும் பள்ளியில், தேவாலயத்தில், ரயிலில் என எல்லா இடங்களிலும் பிரித்து வைத்திருந்த காலம் அது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு அவ்வளவாகத் தெரியாது. ஜிம்மியின் விளையாட்டுத் தோழர்கள் எல்லோருமே கறுப்பினச் சிறுவர்கள்.

முதல் ஆசான்: ரேச்சல்

பண்ணை மணியை அடித்தவர் ஜாக் கிளார்க். கழுதைகளையும் தொழுவத்தையும் பார்த்துக்கொண்டவரும் அவரே. அவருடைய மனைவி ரேச்சல். இருவரும் கறுப்பினத்தவர், கார்ட்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். பெற்றோர் வெளியூர் போகும் நாட்களில் ஜிம்மி கிளார்க் வீட்டில்தான் தங்குவான். தரையில் விரித்த படுக்கையில் தூங்குவான். பெற்றோருக்கு அடுத்தபடியாகத் தமக்கு மிக நெருக்கமானவர் ரேச்சல்தான் என்று பிற்காலத்தில் கார்ட்டர் எழுதினார்.

ரேச்சல் சிறிய உருவம் கொண்டவர். பருத்தி எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஈடு கிடையாது. வேலை ஓய்ந்த நாட்களில் அவர் தூண்டில் கம்புகளை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்புவார், கூடவே ஜிம்மியும். சோக்டாஹாட்சி, கின்சஃபூனி என்று செவ்விந்தியப் பெயர்கள் கொண்ட ஓடைகள் அவை. கெளுத்தி, விலாங்கு, பிரீம் என்ற தட்டையான சிறுமீன் ஆகியவை அங்கே கிடைக்கும். ரேச்சல் கரையோரம் ஒரே நேரத்தில் பல கம்புகளை ஊன்றிவிட்டு எல்லாவற்றின் மீதும் கண் வைத்திருப்பார்.

போகிற வழியில் இது என்ன செடி, அது எந்தப் பறவையின் குரல், மழை வருமா வராதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். இந்த மண்ணும் தண்ணீரும் கடவுள் கொடுத்தவை, அவற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்பதும் அந்த நடையிலேயே வந்த பாடம். பாடம் நடத்துகிறோம் என்ற எண்ணம் சொல்பவருக்கும் இருந்திருக்காது, கேட்பவனுக்கும் இருந்திருக்காது. வளர்ந்த ஒருவர் ஒரு சிறுவனைத் தன் வேகத்துக்கு இழுக்காமல், அவசரப்படாமல், கூடவே கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டாவது ஆசான்: தந்தை

ஏர்ல் கார்ட்டர் கண்டிப்பான மனிதர். மகனுக்கு 'ஹாட்' என்று செல்லப் பெயர் வைத்திருந்தாலும் எளிதில் பாராட்ட மாட்டார். அவர் மகனைத் தம் நண்பர்களோடு தொலைவிலுள்ள லிட்டில் சடில்லா ஆற்றுக்கு மீன்பிடிக்க அழைத்துப் போவார். பெரியவர்களின் கூட்டத்தில் தானும் ஒருவன் என்பதே அந்த வயதில் பெரிய பெருமை.

அப்படி ஒரு பயணத்தில் நடந்ததைக் கார்ட்டர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆற்றுக்குள் இறங்கி நின்று மீன்பிடித்தபோது, தந்தை தாம் பிடித்த மீன்களைக் கோத்த கயிற்றை மகனின் இடுப்பில் கட்டிவிட்டார். நீரோட்டத்திலும் தூண்டில் வேலையிலும் கவனமாக இருந்த பையன் சற்று நேரம் கழித்துத் தடவிப் பார்த்தால் கயிறு இல்லை. தன் மீன்களோடு அப்பாவின் மீன்களும் போய்விட்டன. தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கித் தேடினான்; அழுதான். அப்பா என்ன சொல்வாரோ என்ற பயம். தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆற்றில் இன்னும் நிறைய மீன் இருக்கிறது, நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த மாலையில் ஒரு கடுஞ்சொல் விழுந்திருந்தால் அந்தப் பையன் தூண்டிலையே வெறுத்திருக்கலாம். மாறாக, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் எழுதும் அளவுக்கு அந்தப் பெருந்தன்மை அவர் மனதில் நின்றது. 1953-இல் தந்தை புற்றுநோயால் இறந்தபோது கார்ட்டர் கடற்படை வேலையை விட்டுவிட்டு ப்ளெயின்ஸுக்கே திரும்பி வந்து பண்ணைத் தொழிலை எடுத்து நடத்தினார்.

கோடு தெரிந்த வயது

இந்தக் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. ஏர்ல் கார்ட்டர் நிறப்பிரிவினையை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவர். 1938-இல் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கோடு குத்துச்சண்டை போட்டார். அதைக் கேட்பதற்கு அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் கார்ட்டர் வீட்டுக்கு வந்தார்கள். வானொலிப் பெட்டி ஜன்னலில் வைக்கப்பட்டது. அவர்கள் வெளியே நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் வென்றார். வந்தவர்கள் சத்தமில்லாமல் நன்றி சொல்லிவிட்டு, ரயில் பாதையைக் கடந்து ஒரு வீட்டுக்குள் போன பிறகுதான் ஆரவாரம் கிளம்பியது. வெள்ளைக்கார முதலாளியின் முற்றத்தில் சந்தோஷத்தைக் காட்டவும் தயங்கிய காலம்.

ஜிம்மிக்கு ஏறக்குறைய பதினான்கு வயதில் இன்னொன்று நடந்தது. இரண்டு கறுப்பின நண்பர்களோடு மேய்ச்சல் நிலத்தின் வாயிலுக்கு வந்தபோது, அவர்கள் ஒதுங்கி நின்று அவனை முதலில் போகவிட்டார்கள். அதுவரை மூவரும் சரிசமம். அன்றிலிருந்து அப்படி இல்லை என்பதை அவர்களுக்கு அவர்களின் பெற்றோர் சொல்லியிருக்க வேண்டும் என்று கார்ட்டர் பின்னாளில் எழுதினார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ரேச்சல் கிளார்க் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்கு ஆசானாக இருந்தார். குடும்பத்தாரைத் தவிரத் தம் இளமையை வடிவமைத்தவர்கள் என்று கார்ட்டர் ஐந்து பேரைக் குறிப்பிடுகிறார். அவர்களில் வெள்ளையர் இருவர் மட்டுமே. 1971 ஜனவரியில் ஜார்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்ற அன்று, நிறப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அவர் மேடையிலேயே அறிவித்தார். அந்த அறிவிப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். சோக்டாஹாட்சி ஓடைக்கரையில் கழிந்த பொழுதுகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது ஆசான்: ஜாக் குரோக்ஃபோர்ட்

ஆளுநரான பிறகு, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், கார்ட்டர் மறுபடியும் மாணவரானார். மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையில் இருந்தவர் ஜாக் குரோக்ஃபோர்ட். மான்களை மயக்க ஊசி போட்டுப் பிடிப்பதற்கான துப்பாக்கியை உருவாக்கியவர்களில் ஒருவர். கார்ட்டருக்குச் செயற்கை ஈ கொண்டு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இவரே.

நம் ஊரில் தக்கையும் மண்புழுவும் போட்டுக் காத்திருப்போம். இந்த முறை வேறு. இறகும் நூலும் சுற்றி, பூச்சியைப் போலவே செய்த இரையை, காற்றில் முன்னும் பின்னும் சுழற்றித் தண்ணீரின் மேல் மெல்ல விழவைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதையே ஒத்த இரை வேண்டும். ஆக, தூண்டில் போடுபவர் பூச்சிகளையும் நீரோட்டத்தையும் படித்தாக வேண்டும்.

கற்ற இடம் அட்லாண்டா நகரை ஒட்டி ஓடும் சட்டஹூச்சி ஆறு. குளிர்ந்த நீர் விரும்பும் ட்ரவுட் மீன் அந்த வெப்பமான பகுதியில் இருப்பதற்குக் காரணம், மேலே உள்ள பியூஃபோர்ட் அணையின் அடிப்பகுதியிலிருந்து வெளிவரும் குளிர்ந்த நீர். அணை சில இடங்களில் மீனுக்கு உதவவும் செய்யும் என்பதைக் கார்ட்டர் அங்கேயே கண்டார். அடுத்து வரும் செய்திக்கு இது முக்கியம்.

ஒரு ஆறு தப்பித்த கதை

ரேச்சலோடு மீன்பிடித்த ஓடைகளின் நீர் கடைசியில் போய்ச் சேர்வது ஃபிளின்ட் ஆற்றில். அட்லாண்டா விமான நிலையத்தின் அருகே தொடங்கித் தெற்கே பாயும் ஆறு அது. அதன் மேல்பகுதியில் ஸ்ப்ரூவெல் பிளஃப் என்ற இடத்தில் ஒரு பெரிய அணை கட்ட ராணுவப் பொறியாளர் படை திட்டமிட்டிருந்தது. நாடாளுமன்றத்தின் அனுமதியும் இருந்தது. மின்சாரம், வெள்ளத் தடுப்பு, சுற்றுலா என்று பயன்களின் பட்டியல் நீளம். வேலைவாய்ப்பு வரும் என்று உள்ளூரில் ஆதரவும் இருந்தது.

கார்ட்டர் உடனே முடிவெடுக்கவில்லை. சிறு படகில் அந்த ஆற்றில் தாமே போய்ப் பார்த்தார். பொறியாளரான அவர் அணையின் கணக்கு வழக்குகளையும் வரி வரியாகப் படித்தார். செலவு குறைத்தும் பயன் கூட்டியும் காட்டப்பட்டிருப்பதாக அவருக்குத் தெரிந்தது. 1973 அக்டோபர் 1 அன்று, தம் பிறந்த நாளில், அந்தத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். இன்று ஃபிளின்ட் ஆறு 200 மைலுக்கும் மேல் அணை எதுவும் குறுக்கிடாமல் ஓடுகிறது.

அதிபரான பிறகு 1977-இல் இதேபோல் பல நீர்த் திட்டங்களின் செலவைக் கேள்வி கேட்டார். அதில் நாடாளுமன்றத்தின் பகை வந்தது. அரசியல் நஷ்டமும் வந்தது. 1978-இல் சட்டஹூச்சி ஆற்றங்கரையைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1980 டிசம்பரில் அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாதுகாக்கும் சட்டமும் அவர் கையெழுத்தில்தான் வந்தது.

இதற்கிடையே தூண்டிலும் ஓயவில்லை. மனைவி ரோசலினும் அதே கலையைக் கற்றுக்கொண்டார். இருவரும் முதுமை வரை சேர்ந்தே மீன்பிடித்தார்கள். 1979 ஏப்ரலில் ப்ளெயின்ஸில் அவர் தனியாகப் படகில் மீன்பிடித்தபோது ஒரு முயல் நீந்திப் படகை நோக்கி வர, துடுப்பால் தண்ணீரைத் தெளித்து அதை விரட்டினார். பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன.

நமக்கு என்ன?

மூன்று ஆசான்களும் கொடுத்தவை வேறு வேறு. ரேச்சல் பொறுமையையும் தண்ணீரின் மீது மரியாதையையும் கொடுத்தார். தந்தை, இழப்பு பெரிதல்ல என்று காட்டினார். குரோக்ஃபோர்ட், வளர்ந்த பிறகும் கற்கலாம் என்று காட்டினார். மூவரும் செலவழித்தது தங்கள் நேரத்தை.

நம் வளாகத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, சதுரங்க வகுப்பு எல்லாம் உண்டு, கட்டணமும் கட்டுகிறோம். ஆற்றங்கரைக் கிராமங்களில் வளர்ந்து, தூண்டில் போடத் தெரிந்த தாத்தாக்களும் பாட்டிகளும் நம் மாடிகளில் இருக்கிறார்கள். மாலையில் பூங்கா பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு பிள்ளை கிடைத்தாலே போதும், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஒரு நீர்நிலை வேண்டும். ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். எனவே அனுமதி கேட்டுவிட்டுப் போவது நல்லது. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்ப வேண்டாம்.

மீன் ஒன்றும் சிக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை. அந்த ஏரியின் பெயரும், அது எங்கே நிறைந்து எங்கே வழிகிறது என்பதும் தெரிந்த ஒரு பிள்ளை, நாளை அதில் குப்பை கொட்டப்படும்போது சும்மா இருக்காது.