எந்த லினக்ஸ் நம் வீட்டிற்கு ஏற்றது? வரலாறு தரும் விடை



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினிகள் பல இல்லங்களில் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அத்தகைய கணினி ஒன்றை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர், "லினக்ஸ் போடச் சொல்கிறார்கள், சார். அதில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றனவே, எதைப் போடுவது?" என்று வினவினார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வீட்டுப்பாடம் செய்வது அந்தக் கணினியில்தான். ஒரு பெயரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், வரலாறு அறியாமல் தேர்ந்தெடுத்து நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஆகவே இக்கட்டுரை.

முதலில், ஏன் இத்தனை வகைகள்? 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது ஒரு முழு இயங்குதளம் அன்று. கர்னல் எனப்படும் கருப்பகுதி மட்டுமே. அதனுடன், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களையும் பிறவற்றையும் இணைத்தால்தான் கணினி பயன்படும். அவ்வாறு இணைத்துத் தொகுத்துத் தரப்படுவதே 'வழங்கல்'. தொகுப்பவர் மாறினால் வழங்கலும் மாறும்.

தொடக்கக் கால வழங்கல்களுள் 1992இல் வந்த எஸ்.எல்.எஸ். பலராலும் பயன்படுத்தப்பட்டது. ஆயினும், அதில் பிழைகள் மலிந்திருந்தன. அக்குறைகளே 1993இல் இரு வழங்கல்கள் பிறக்கக் காரணமாயின. பேட்ரிக் வோல்கர்டிங் அதனைச் செப்பனிட்டு ஸ்லாக்வேர் என வெளியிட்டார். இயன் மர்டாக் புதிதாகத் தொடங்கியது டெபியன். தம் துணைவியார் டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தே அப்பெயரை இட்டார். 1996இல் மர்டாக் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், 2015இல் மறைந்தார். டெபியனோ நிற்கவில்லை. அதற்கென ஓர் அமைப்புச் சட்டம் உண்டு. தலைவரை உறுப்பினர்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கின்றனர்.

நிறுவனங்களின் கதை வேறு. மாண்ட்ரேக் 1998இல் வெளிவந்து, எளிமையால் வீட்டுப் பயனர்களைக் கவர்ந்தது. பின்னர் மாண்ட்ரிவா எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் 2015இல் கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010இல், அதன் முன்னாள் ஊழியர்களும் பயனர்களும் அதே மூலத்திலிருந்து மஜீயாவைத் தொடங்கியிருந்தனர். ரெட் ஹேட் நிறுவனமும் 2003இல் தன் பொதுப் பதிப்பை நிறுத்திவிட்டு வணிகப் பதிப்பில் கவனம் செலுத்தியது. பொதுப் பயனர்களுக்கு அவ்வாண்டே ஃபெடோரா வந்தது. மூல நிரல் திறந்திருந்ததால் பயனர்கள் முற்றிலும் கைவிடப்படவில்லை. ஆனால், இடம்பெயரும் தொல்லை அவர்களுக்கு நேர்ந்தது.

2004ஆம் ஆண்டு அக்டோபரில், மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்குக் குறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. இச்சேவை 2011 வரை நீடித்தது. 2006 முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் வெளிவந்தன. உபுண்டுவின் மீது 2006இல் எழுந்தது லினக்ஸ் மின்ட்.

இனி, நான் பட்ட கதை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைக் கணினிகளில் ஒரு வழங்கலை நிறுவினேன். திரை அழகாக இருந்தது. அது ஒன்றே காரணம். அதனைத் தொகுத்தவர் ஒரே ஒருவர். அடுத்த ஆண்டே அவர் நிறுத்திவிட்டார். பாதுகாப்பு மேம்பாடுகள் வரவில்லை. விடுமுறையில் எல்லாக் கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. "இலவசம் என்றால் இப்படித்தான்" என்றனர் சக ஆசிரியர்கள். பழி லினக்ஸின்மேல் விழுந்தது, பிழை என்னுடையது.

எனவே, திரையின் அழகைப் பாராதீர்கள். தொகுப்பவர் யார், அவர் விலகினால் தொடர்வோர் உண்டா, இப்பதிப்புக்கு எத்தனை ஆண்டு ஆதரவு என்ற மூன்றையும் கேளுங்கள். அப்பெற்றோருக்கு நான் சொன்ன விடை லினக்ஸ் மின்ட். அது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மீது கட்டப்பட்டது. உபுண்டு இல்லாமற் போனாலும் தொடர இயல வேண்டும் என்பதற்காக, நேரடியாக டெபியன் மீது அமைந்த பதிப்பு ஒன்றையும் அக்குழுவினர் பேணி வருகின்றனர்.

நிறுவும் முன் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே இயங்கும் முறையை 2000இல் வெளிவந்த நாப்பிக்ஸ் பரவலாக்கியது. இன்று அதனை யு.எஸ்.பி. விரலியில் செய்யலாம். அவ்வாறு இயக்கி, இணைய இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சரிபாருங்கள். தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, பிள்ளையை அதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வைத்த பிறகே நிறுவுங்கள்.

அந்த அன்பர் இவ்வாரம் விரலியுடன் வருவதாகக் கூறியுள்ளார். அவருடைய பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.