திரும்பிப் போகிற ரயில்

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள திருவாலங்காட்டிலிருந்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். முதல் நாளே எக்செல் ஷீட் ஒன்றைக் காட்டி விளக்கினேன். எப்போது பால், எப்போது தூக்கம், எவ்வளவு நேரம் டிவி, எல்லாம் இருந்தது. அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம் என்ற வரி மட்டும் இல்லை. என் மீட்டிங்குகள் நீண்டன. ஒருநாள் இரவு எட்டரை ஆகிவிட்டது. "நீங்க நம்ம வீட்டுல ஒருத்தர் மாதிரிதானக்கா" என்று சமாளித்தேன்.

"வீட்டுல ஒருத்தின்னா ரயிலப் பிடிக்க வேணாமா தம்பி?"

பதில் இல்லை. அந்தக் கேள்வி என்னை ஆயாக்களின் வரலாற்றுக்குக் கொண்டுபோனது.

ஆயா என்பது போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். காலனி காலத்தில் ஊர் திரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்கள், கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களையும் கூட்டிப் போயின. லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது. ஆயா ஊர் திரும்ப யார் டிக்கெட் எடுப்பது? சிலர் முன்பே பேசி வைத்திருந்தார்கள். சிலர் அப்படியே கைவிட்டார்கள். அப்படி நின்றவர்களுக்காக ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. 1900-ல் அது ஹாக்னிக்கு இடம் மாறியது. திரும்பும் டிக்கெட் இருந்தால், இந்தியா போகிற வேறொரு குடும்பத்தோடு ஆயாவைச் சேர்த்து அனுப்புவார்கள். அங்கே 2022-ல் நினைவுப் பலகை வைத்தார்கள்.

அந்த ஆயாக்கள் பிள்ளைகளை அன்பாகப் பார்க்கவில்லை என்று யாரும் குறை சொல்லி நடுத்தெருவில் விடவில்லை. ஒரு வரி பேசப்படாமல் போனது, அவ்வளவுதான்.

2011-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189-வது உடன்படிக்கை, வீட்டுப் பணியாளரிடம் கூலி, வேலை நேரம், விடுப்பு, தேவைப்பட்டால் ஊர் திரும்பும் ஏற்பாடு எல்லாவற்றையும் புரியும்படி சொல்லச் சொல்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

அக்காவின் ஊரில் 1905-ல் கிடைத்த செப்பேடுகள் புகழ்பெற்றவை. முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை 31 ஏடுகளில், நிலத்தின் எல்லைகளோடு பொறித்திருக்கிறார்கள். ராஜா சொன்ன வார்த்தைக்கே எழுத்து தேவைப்பட்டிருக்கிறது. நான் எந்த மூலை?

மறுநாள் ஷீட்டை அக்காவோடு உட்கார்ந்து திருத்தினேன். முதல் வரி: மாலை ஆறு மணிக்குக் கிளம்புவார். லீவு, ஓவர்டைம் கூலி அடுத்த வரிகள்.

"வேற ஏதாவது சேர்க்கணுமாக்கா?"

"ஆறு மணிக்கு மேல பாப்பா அழுதா போன் பண்ணுங்க, பேசறேன். நிறுத்தி வைக்காதீங்க."

அதையும் எழுதினேன்.