எண்ணெய் விற்பனையில் கப்பல் தாமதக் கட்டணம்: யார் தலையில் யாருடைய செலவு?

கடற்கரை இல்லாத கொங்கு நாட்டில் விற்பனையாகும் பெட்ரோலிலும் டீசலிலும் கணிசமான பகுதி, கப்பலில் கொச்சிக்கு வரும் கச்சா எண்ணெயிலிருந்து பிறப்பதாகும். அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோயம்புத்தூரை அடுத்த இருகூர் வழியாகக் கரூர் வரை 292 கி.மீ. நீளத்துக்குச் செல்லும் குழாய்வழி 2002 முதல் இயங்கிவருகிறது. இருகூர், கரூர் முனையங்களிலிருந்து டேங்கர் லாரிகள் சுற்றுவட்டார ஊர்களின் பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருளைக் கொண்டுசேர்க்கின்றன. சென்னிமலையின் விசைத்தறிக்காரரோ லாரி உரிமையாளரோ கொடுக்கும் விலைக்குள், கடலில் ஒரு கப்பல் காத்துக்கிடந்த நேரத்தின் விலையும் அடங்கியிருக்கக்கூடும். டெமரேஜ் எனப்படும் அந்தத் தாமதக் கட்டணத்தை விற்றவரும் வாங்கியவரும் ஒருவர்மீது ஒருவர் சுமத்த முயன்றதன் வரலாறு, ஒப்பந்தச் சட்டத்தின் நுட்பமான பகுதிகளுள் ஒன்றாகும்.

கப்பலை வாடகைக்கு எடுப்பவருக்குச் சரக்கை ஏற்றவும் இறக்கவும் குறிப்பிட்ட நேரம் அனுமதிக்கப்படுகிறது. இது லேடைம் எனப்படும். எண்ணெய்க் கப்பல்களுக்கு இரு துறைமுகங்களுக்கும் சேர்த்து 72 மணி நேரம் என்பது வழக்கம். அந்த நேரம் தீர்ந்த பிறகு ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விகிதத்தில் கப்பல் உரிமையாளருக்குச் செலுத்தப்படும் தொகையே டெமரேஜ். சிக்கலின் வேர், கப்பல் வாடகை ஒப்பந்தமும் எண்ணெய் விற்பனை ஒப்பந்தமும் வெவ்வேறானவை என்பதில் இருக்கிறது. காப்பீட்டையும் கப்பல் கூலியையும் சரக்கின் விலையிலேயே சேர்த்து விற்பவரே ஏற்கும் விற்பனையில், கப்பல் உரிமையாளருக்குக் கடன்படுபவர் விற்பவர். ஆனால் இறக்குமிடத்தில் தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் வாங்குபவரின் பக்கத்தில். எனவே விற்பவர் தாம் கட்டிய தொகையை வாங்குபவரிடம் திரும்பக் கேட்கிறார். ஏற்றுமிடத்தில் சரக்கை ஒப்படைத்துவிடும் விற்பனையில் கப்பலை எடுப்பவர் வாங்குபவர் என்பதால், கோரிக்கையின் திசை தலைகீழாகிறது.

இவ்வாறு கேட்கப்படும் தொகை, செலவழித்ததை ஈடுசெய்யும் தொகையா, அல்லது விற்பனை ஒப்பந்தமே உருவாக்கும் தனிக் கடனா என்பதே நீண்டகாலக் கேள்வி. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். கப்பல் திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் தயார்நிலை அறிவிப்புக் கொடுக்கிறது. ஆறு மணி நேரம் கழித்து நண்பகலில் லேடைம் ஓடத் தொடங்குகிறது. இறக்குவதற்குரிய 36 மணி நேரம் செவ்வாய் நள்ளிரவில் முடிகிறது. வெள்ளி நண்பகலில்தான் எண்ணெய் முழுதும் இறங்குகிறது. கூடுதலாகச் சென்ற 60 மணி நேரத்துக்கு, நாளொன்றுக்கு 30,000 டாலர் வீதம் டெமரேஜ் 75,000 டாலர். அந்த நேரத்தில் 24 மணி நேரம் புயலால் வீணானது என்று கொள்வோம். 1977 ஆம் ஆண்டின் அஸ்பாடேங்க்வாய் என்ற புகழ்பெற்ற வாடகை ஒப்பந்தப் படிவத்தின்படி புயல் நேரத்துக்குப் பாதி விகிதமே என்பதால் கப்பல் உரிமையாளருக்குச் சேர வேண்டியது 60,000 டாலர்தான். விற்பனை ஒப்பந்தத்தில் பாதி விகித விதி இல்லையெனில், மிச்சமான 15,000 டாலரையும் விற்பவர் கேட்கலாமா? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் எண்ணெய் இறக்குவோருக்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று.

ஆங்கில நீதிமன்றங்கள் விற்பனை ஒப்பந்தத்தின் சொற்களையே முதலில் பார்த்தன. அதில் லேடைமும் விகிதமும் தனியே வகுக்கப்பட்டிருந்தால் அது தன்னளவில் நிற்கும் விதி, விற்பவர் உண்மையில் கட்டியதைப் பொறுத்ததன்று என்ற கருத்து, 1921 இன் சுஸுகி வழக்கிலிருந்து வலுப்பெற்றது. 1995 இல் ஓ.கே. பெட்ரோலியம் நிறுவனத்துக்கும் விட்டோல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், வாடகை ஒப்பந்தத்தில் இருந்த 90 நாள் காலக்கெடு விற்பனை ஒப்பந்தத்துக்குள்ளும் வந்துவிட்டது என்று வாங்குபவர் வாதிட்டார். பொதுவான சொற்களால் அத்தகைய கடுமையான காலக்கெடுவை இறக்குமதி செய்ய முடியாது என்று நீதிபதி கோல்மன் அதை ஏற்க மறுத்தார்.

இந்தியச் சட்டத்தின் பாதை வேறு. தண்டத் தொகை, நியாயமான முன்மதிப்பீடு என்று ஆங்கிலச் சட்டம் பிரித்துவைத்த வேறுபாட்டை 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு கைவிட்டு, குறிப்பிட்ட தொகையை உச்சவரம்பாகக் கொண்ட நியாயமான இழப்பீட்டை மட்டுமே வழங்கியது. 2003 இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் தொடர்ந்த சா பைப்ஸ் வழக்கில், ஐரோப்பிய உருக்காலை வேலைநிறுத்தத்தால் சா பைப்ஸ் நிறுவனம் கழகத்துக்குத் தரவேண்டிய குழாய்கள் தாமதமாக வந்தன. முன்மதிப்பீடு நியாயமானதாயின் இழப்பைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015 இல் கைலாஷ் நாத் வழக்கு அந்தத் தாராளத்துக்கு எல்லை வகுத்தது: இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை, நிரூபிக்க இயலும் இழப்பை நிரூபித்தே ஆக வேண்டும். டெமரேஜுக்கு இதைப் பொருத்தினால் விளைவு பெரிது. விற்பவரின் இழப்பு கப்பல் உரிமையாளரின் பில்லிலேயே எழுதப்பட்டிருப்பதால், மேற்சொன்ன 15,000 டாலரை இந்தியச் சட்டத்தின்கீழ் பெறுவது எளிதாக இராது. எனினும் பன்னாட்டு எண்ணெய் ஒப்பந்தங்கள் பலவும் ஆங்கிலச் சட்டத்தையே தேர்ந்துகொள்வதால், உண்மையான இழப்புக்கே ஈடு என்ற இந்த நெறி நம் நிறுவனங்களுக்கு எப்போதும் கைகொடுப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

மற்றவருக்குக் கட்டிய தாமதக் கட்டணத்தை ஒப்பந்ததாரரிடம் மீட்பது பற்றி உச்ச நீதிமன்றம் நேரடியாகப் பேசியது கப்பலில் அன்று, ரயிலில். ரயில்வே விதித்த டெமரேஜைச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்ததாரர்களிடம் இந்திய உணவுக் கழகம் வசூலிக்க முயன்ற அபிஜித் பால் வழக்கில், 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் செலவுகளும் கட்டணங்களும் பொதுவாகக் குறிக்கப்பட்டிருந்தன. டெமரேஜ் என்ற சொல் இல்லை. ரயில் பெட்டிகளிலிருந்து மூட்டைகளை இறக்கும் கடமையும் அவர்களுக்கு இல்லை. கழகத்தின் வேறு ஒப்பந்தங்களில் அச்சொல் வெளிப்படையாக இடம்பெற்றிருந்ததை ஒப்பிட்டுக் காட்டிய நீதிமன்றம், வசூலுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது.

இதன்படி, கப்பலில் பாமாயில் வரவழைக்கும் வணிகராயினும் கச்சா எண்ணெய் வாங்கும் பொதுத்துறை நிறுவனமாயினும், டெமரேஜ் யாருடையது, எந்த விகிதத்தில், எத்தனை நாளுக்குள் எந்த ஆவணங்களோடு கோரப்பட வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்; வாடகை ஒப்பந்தத்தின்படி என்ற ஒற்றை வரி போதாது.