பால்வண்டிக் குதிரை ஜிம்மும் ஒரு கிழக் குதிரையின் ஊசிப் பட்டியலும்

இந்த வாரம் ஒரு தடுப்பூசிப் பட்டியலோட வரலாறு. நமக்கான பட்டியல் இல்ல, குதிரைக்கானது.

அமெரிக்காவுல வயசான குதிரை வச்சிருக்கிறவங்க கால்நடை மருத்துவர்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "இதுக்கு 25 வயசாச்சு. போட்டிக்குப் போறதில்ல, சவாரியும் இல்ல. புல் மேய்ஞ்சுக்கிட்டு சும்மா நிக்குது. இன்னும் வருஷா வருஷம் ஊசி வேணுமா?"

நியாயமான கேள்விதான். அங்கே குதிரை மருத்துவர்களோட சங்கம் ஊசிகளை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கு. முதல் பட்டியல், எல்லாக் குதிரைக்கும் போட்டே ஆக வேண்டியது: டெட்டனஸ், ரேபிஸ், வெஸ்ட் நைல், அப்புறம் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு வகை மூளைக்காய்ச்சல். ரெண்டாவது பட்டியல், குதிரை எங்க இருக்கு, எங்கெல்லாம் போகுதுன்னு பார்த்து முடிவு செய்றது. ஃப்ளூ இந்த ரெண்டாவதுல வரும். ஏன் இப்படிப் பிரிச்சாங்க? பதில் வரலாற்றுல இருக்கு. முதல்ல டெட்டனஸ்.

1901, செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே ஜிம்னு ஒரு குதிரை. ஒரு காலத்துல பால்வண்டி இழுத்தது. அந்த வேலை முடிஞ்சதும் நகர சுகாதாரத் துறை அதுக்கு வேற வேலை கொடுத்தது: டிப்தீரியாவுக்கு மருந்து தயாரிக்கிற வேலை.

டிப்தீரியான்னா தொண்டை அடைப்பான். குழந்தைகளோட தொண்டையில சவ்வு படர்ந்து மூச்சை அடைச்சுடும். 1890-ல் பெர்லினில் எமில் பெரிங்கும் கிடாசாட்டோ ஷிபாசாபுரோவும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கிருமியோட நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு விலங்குக்குள்ள செலுத்தினா, அதன் ரத்தத்துல அந்த நஞ்சை முறிக்கிற பொருள் உருவாகும். அந்த ரத்தத்தின் சீரத்தை எடுத்து நோயாளிக்குப் போடலாம். குதிரைக்குப் பெரிய உடம்பு, நிறைய ரத்தம். அதனால ஊருக்கு ஊர் குதிரை லாயங்களே மருந்துக் கூடங்களாச்சு. (பாம்புக்கடிக்கு நம்ம ஆஸ்பத்திரியில போடுற மருந்தும் இன்னைக்கு வரைக்கும் இதே வழியிலதான் வருது. வடநெம்மேலியில இருளர்கள் நடத்துற கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷம், கடைசியில ஒரு குதிரைக்குள்ளதான் போகுது.)

ஜிம் மட்டும் ஏறக்குறைய 28 லிட்டர் சீரம் கொடுத்திருக்கு. எத்தனை குழந்தைகள் அதனால பிழைச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அக்டோபர் 2-ஆம் தேதி ஜிம்முக்கு டெட்டனஸ் அறிகுறிகள் தெரிந்தன. அன்றைக்கே கொன்றுவிட்டார்கள். ஆனால் செப்டம்பர் 30-ல் எடுத்த ரத்தத்திலேயே டெட்டனஸ் நஞ்சு கலந்திருந்தது. அந்தச் சீரம் மருத்துவர்கள் கைக்குப் போய்விட்டது. அதுலயும் கொஞ்சம், ஆகஸ்ட் 24-ன்னு தேதி ஒட்டின பாட்டில்களில் இருந்தது. உண்மையான ஆகஸ்ட் 24 சீரத்துல எந்தக் குறையும் இல்ல. தொண்டை அடைப்பானிலிருந்து காப்பாற்றப் போட்ட ஊசியால் 13 குழந்தைகள் டெட்டனஸ் வந்து செத்தாங்க. வெளியே அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கினிப் பன்றிக்குப் போட்டுப் பார்த்திருந்தா போதும், தெரிஞ்சிருக்கும்.

அதே வருஷம் டிசம்பர்லதான் முதல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தாங்க. யாருக்கு? பெரிங்குக்கு. எதுக்கு? சீரம் சிகிச்சைக்கு.

1902 ஜூலை 1-ஆம் தேதி அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்தது. சீரம், தடுப்பூசி தயாரிக்க உரிமம் வேணும், அதிகாரிகள் வந்து சோதனை போடுவாங்க, பாட்டில்ல காலாவதி தேதி இருக்கணும். சட்டத்துக்கு ஜிம் மட்டுமே காரணம் இல்ல. அதே இலையுதிர் காலத்துல நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்துல, அம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு குழந்தைகள் டெட்டனஸால் இறந்திருந்தாங்க.

எனக்கு இந்தக் கதையில உறுத்துற இடம் வேற. ஜிம்மோட ரத்தம் முழுக்க டிப்தீரியாவுக்கு எதிர்ப்பு. டெட்டனஸுக்கு எதிரா ஒண்ணுமே இல்ல. ஒரு நோய்க்கு வாங்கின பாதுகாப்பு இன்னொரு நோய்க்கு உதவாது. இத்தனைக்கும் வீட்டு விலங்குகளிலேயே டெட்டனஸுக்கு ரொம்ப எளிதில் பலியாகிறது குதிரைதான். கிருமியின் வித்துகள் மண்ணுல கிடக்கும், குதிரைச் சாணத்துலயே இருக்கும். குளம்புல ஒரு ஆணி ஏறினா போதும்.

அப்போ ஜிம்முக்குப் போட டெட்டனஸ் தடுப்பூசியே கிடையாது. அதைச் சாத்தியமாக்கினவர் ஒரு கால்நடை மருத்துவர், கஸ்தோன் ராமோன். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் சீரக் குதிரைகளோட வேலை பார்த்தவர். நஞ்சுல ஃபார்மலின் கலந்து மிதமான சூட்டுல வச்சா, நஞ்சின் வீரியம் போயிடும், ஆனா உடம்பு அதை எதிரியா அடையாளம் கண்டுக்கும்னு 1923-ல் டிப்தீரியாவில் காட்டினார். அடுத்த வருஷமே அவரோட சகா தெகோம்பே அதை டெட்டனஸுக்குச் செய்தார். ராமோன் இன்னொண்ணும் கவனிச்சார். ஊசி போட்ட இடத்துல சீழ்க்கட்டி வந்த குதிரைகள் கூடுதலா எதிர்ப்புச் சக்தி தந்தன. அப்போ வேணும்னே கொஞ்சம் வீக்கத்தை உண்டாக்கினா என்ன? மரவள்ளி மாவைக் கலந்து போட்டுப் பார்த்தார்! வேலை செஞ்சது. இன்னைக்குத் தடுப்பூசிகள்ல சேர்க்கிற துணைப் பொருட்களோட ஆரம்பம் இதுதான். நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கல.

இப்போ நம்ம கிழக் குதிரைக்கு வருவோம். அது எங்கேயும் போகாட்டியும் மண்ணு மேலதான் நிக்குது. டெட்டனஸ் ஊசி அதனால வருஷா வருஷம் உண்டு. கொசுவும் அப்படித்தான், அதுவே தேடி வரும். கிழக்கு மூளைக்காய்ச்சலின் வைரஸை 1933-ல் குதிரைகளின் மூளையிலிருந்துதான் பிரிச்செடுத்தாங்க. 1938-ல் மாசசூசெட்ஸ்ல குதிரைகளோட சேர்த்துக் குழந்தைகளும் செத்தாங்க. குதிரையிலிருந்து குழந்தைக்குத் தொத்தல, ரெண்டு பேருக்கும் பறவையிலிருந்து கொசு கொண்டுவந்தது. 1999-ல் நியூயார்க்குக்கு வெஸ்ட் நைல் வந்தது. 2001-லேயே குதிரைக்குத் தடுப்பூசி கிடைச்சது. மனுஷனுக்கு இன்னும் இல்ல. ரேபிஸ்? ஒரு வௌவால் போதும்.

ஃப்ளூ வேற கணக்கு. அது கூட்டத்துல பரவுற நோய். 1872 இலையுதிர் காலத்துல டொராண்டோ பக்கம் குதிரைகள் இரும ஆரம்பிச்சு, சில மாசத்துல கண்டம் முழுக்கப் பரவுச்சு. டிராம் நின்னது, சரக்கு நின்னது, வண்டிகளை ஆட்களே இழுத்தாங்க. நவம்பர்ல பாஸ்டன் நகரம் தீப்பிடிச்சப்போ தீயணைப்பு இயந்திரங்களை மனுஷங்க கையால இழுத்துக்கிட்டு ஓடினாங்க. 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போச்சு. (குதிரை இல்லாததால ஆன தாமதம் சில நிமிஷம்தான்னு பிறகு விசாரணையில சொன்னாங்க. கதையில அந்தப் பகுதியை யாரும் சொல்றதில்ல.)

அப்போ தனியா மேயுற கிழக் குதிரைக்கு ஃப்ளூ ஊசியை விட்டுடலாமா? உண்மையிலேயே தனியா இருந்தா மருத்துவர் ஒத்துக்கலாம். ஆனா அதே லாயத்துல ஒரு இளங்குதிரை இருந்து, அது மாசம் ஒருமுறை போட்டிக்குப் போய்ட்டு வந்தா? நோய் வீடு தேடி வந்துடும். வயசான குதிரைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டா, இளங்குதிரைகள் அளவுக்கு எதிர்ப்பு உருவாகிறதில்லன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால மருத்துவர் ரெண்டு பேருக்குமே போடச் சொல்வார், முக்கியமா வெளியே போய்ட்டு வர்ற இளசுக்கு.