சோயாவும் கோதுமையும்

மைசூரில் நம் அண்டை வீட்டுக் குழந்தைக்குச் சீலியாக் நோய் என்று கண்ட மருத்துவர், கோதுமையை ஆயுள் முழுவதும் விலக்குமாறு கூறினார். அதன் தாய் சோயா சாஸ் புட்டியொன்றை ஏந்தி நம்மிடம் வந்தார். "அண்ணா, சோயா என்பது அவரைதானே? இதைக் கொடுக்கலாமா?" என்று வினவினார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் புட்டியின் சிற்றெழுத்துகளைப் படித்தோம். சோயாவை அடுத்து நின்ற சொல் கோதுமை! இவ்விரண்டும் ஒரே புட்டியில் சேர்ந்த வரலாற்றை நேயர்கள் அறிவது நலம்.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே இந்நோயாளரின் சிறுகுடலைப் புண்படுத்துகிறது. இதனைத் தெளிவாக்கியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி அரிதாயிற்று. நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டபோது நோயும் மீண்டது. பல்லாண்டு தாம் ஆராய்ந்ததை அவர் 1950 இல் ஆய்வுநூலாக வெளியிட்டார்.

அதே 1950 அக்டோபரில், மைசூர் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. அது வகுத்த பல்பயன் உணவில் வேர்க்கடலை மாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு. இவ்வினப் பயறுகளில் குளூட்டன் இல்லை. சோயாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அவ்வாறாயின் கோதுமை எவ்வாறு புகுந்தது? ஜப்பானியர் வேகவைத்த சோயாவுடன் வறுத்த கோதுமையை ஏறத்தாழச் சம அளவில் கலந்து, பூஞ்சணம் படரவிட்டு, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துச் சாஸ் வடிப்பர். கோதுமை மணமும் இனிமையும் தருகிறது. தமாரி என்னும் வகையில் கோதுமை சிறிதே சேரும், அல்லது சேராது. மிசோ என்னும் விழுதிலோ அரிசி, வாற்கோதுமை, தனிச் சோயா என மூவகை உண்டு.

நொதித்தலில் குளூட்டன் அழிந்துவிடாதா எனச் சிலர் கேட்பர். அது சிறு துண்டுகளாகச் சிதைகிறது. ஆனால் அத்துண்டுகளை வழக்கமான சோதனைகள் சரியாக அளப்பதில்லை. ஆகவே, நொதிக்கும் முன்னரே மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்பதற்குச் சான்று வைத்திருக்க வேண்டுமென்று அமெரிக்க அரசு 2020 இல் விதித்தது. நம் நாட்டிலும் 'குளூட்டன் அற்றது' என்று பொறிக்க, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது.

தானியம் கலவாத சோயா நொதிப்புக்கு நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. சிக்கிமின் கினிமா, மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி ஆகியவை அவித்த சோயாவை மட்டுமே நொதிக்கவைப்பவை. இந்தோனேசியாவின் தெம்பேயும் இயல்பில் அத்தகையதே. எனினும் வேறு தானியம் கலந்து விற்போரும் உளர்.

அரிசியும் உளுந்தும் புளித்த நம் இட்டலி இந்நோயாளருக்கு உகந்தது. கோதுமை ரவையில் செய்த ரவா இட்டலி ஆகாது. சாம்பாரிலும் ஒரு கண் வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது.

அத்தாய் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். பிறகு அடுக்களையிலிருந்து பெருங்காய டப்பியை எடுத்துவந்து நம்மிடம் நீட்டினார். அதிலும் மைதா இருந்தது.