கூட்டலா, ஒட்டலா?

ஜாவா என்றால் நம் வயதுக்காரர்களுக்கு மைசூரில் செய்த மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கோ அது கம்ப்யூட்டர் மொழி. அந்த மொழியின் கதையில் நமக்கும் உபயோகமான ஒரு சங்கதி இருக்கிறது.

1991-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர், வீட்டு மின்சாதனங்களை இயக்குவதற்காக இந்த மொழியை உருவாக்கத் தொடங்கினார். அலுவலகத்துக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே முதலில் வைத்தார்கள். 1995 மே மாதம் ஜாவா என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார்கள்.

அதற்கு முன்பு கொடிகட்டிப் பறந்த சி மொழியில், ஒரு வகைச் சரக்கை வேறு வகை என்று சொல்லிக் கடத்திவிட வழி உண்டு. ஜாவா கறார் பேர்வழி. எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் எழுத்தை வைத்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே 'கம்பைலர்' தடுத்துவிடும். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் காகிதம் சரியில்லாத லாரியை நிறுத்துவது போலத்தான்.

ஆனால் இந்தக் கறார் பேர்வழியும் ஓரிடத்தில் தாராளம் காட்டினார். கூட்டல் குறியின் ஒரு பக்கம் எழுத்து இருந்தால், மறுபக்கம் என்ன இருந்தாலும் அதையும் எழுத்தாக மாற்றி ஒட்டிக்கொள்ளும். காரணம் நியாயமானதே. எந்த எண்ணையும் எழுத்தில் எழுதிவிடலாம், எழுதியதெல்லாம் எண்ணாகிவிடாது. செய்தி அச்சிடுவதற்கும் இது வசதி.

வினை அங்கேதான். ஒரு பில்லில் "மொத்தம்: " என்று எழுதி, அதோடு 500, அதோடு 50 என்று கூட்டல் குறி போட்டால் 550 வராது. ஜாவா இடமிருந்து வலமாகப் போகும். முதலில் 500-ஐ எழுத்தோடு ஒட்டும், பிறகு 50-ஐ ஒட்டும். பில்லில் "மொத்தம்: 50050" என்று நிற்கும். கம்பைலர் வாயே திறக்காது. அதன் சட்டப்படி எல்லாம் சரி. இரண்டு எண்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 550 வந்திருக்கும். அதேபோல, பெயர் பதிவாகாமல் காலியாக இருந்தால், அந்த இடத்தில் 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லையே ஒட்டிவிடும். கடிதத்தில் "அன்புள்ள நல்" என்று வந்து சேரும்!

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. ஓசூரின் எஸ்.டி.டி. எண் 04344. அதை எண்ணாகவே சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய்விடும். பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் அது எழுத்தாகவே இருக்க வேண்டியது. யாரும் இரண்டு ஊர்களின் எஸ்.டி.டி. எண்களைக் கூட்டிப் பார்ப்பதில்லையே!

செக்போஸ்ட்டில் காகிதம் பார்ப்பார்கள். லாரி சரியான ஊருக்குத்தான் போகிறதா என்பது டிரைவர் பாடு. எனவே, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பாகாது" என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். பில்லை வாங்கி, மனக்கணக்காக ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சந்தையில் இத்தனை வருஷம் அப்படித்தானே காசு கொடுத்தோம்?