எச்.எம்.டி. வாட்சுக்கு உதிரி பாகம் எங்கே?

உங்கள் வீட்டு பீரோவில் தாத்தா கட்டிய எச்.எம்.டி. வாட்ச் ஓடாமல் கிடக்கிறதா? அதைத் தூக்கிப் போடும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். அதற்கு உதிரி பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1953-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கான இயந்திரங்கள் செய்வதுதான் அதன் முதல் வேலை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோர்த்து கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு.

சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. வாட்சுகளில் புகழ்பெற்ற இயந்திரம் 0231. மொத்தம் 17 கற்கள், மணிக்கு 18,000 துடிப்புகள். ஜனதா, பைலட் இரண்டிலும் இதே இயந்திரம்தான். டயலும் முள்ளும்தான் வேறு. ஒரே பொருளை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒன்றுக்கான அடக்கவிலை குறையும் என்று வணிகவியலில் படிக்கிறோமே, அதேதான்! அந்தச் சிக்கனம் இன்று வேறு விதத்தில் உதவுகிறது. பைலட்டில் மெயின் ஸ்பிரிங் உடைந்தால், ஓடாத ஜனதாவிலிருந்து எடுத்துப் போடலாம். ஆனால் எல்லா எச்.எம்.டி.க்கும் இது பொருந்தாது. ஆட்டோமேட்டிக் வாட்சான காஞ்சனின் இயந்திரமே வேறு. ஆகவே பாகம் தேடும் முன் மாடல் பெயரை அல்ல, இயந்திரத்தின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து சந்தையைப் பிடித்தது. நஷ்டத்தில் மூழ்கிய எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இப்போது பாகங்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, பழைய கடைக்காரர்களின் டப்பாக்களில் மிஞ்சிய சரக்கு. மற்றொன்று, செத்துப்போன வாட்ச். கணக்குப் புத்தகத்தில் முழுத் தேய்மானம் கழிந்து பூஜ்யமான பொருள், இங்கே மதிப்புள்ள சரக்காகிறது!

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரு வாட்சைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். அதனால் பிரிப்பதற்கு முன் யோசியுங்கள். இயந்திர பாகம் இன்னொரு வாட்சிலிருந்து வந்தால் பாதகமில்லை, அது கண்ணுக்குத் தெரியாது. நிறம் மங்கிய அசல் டயலை மட்டும் மாற்றாதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த டயல் பளபளக்கும், ஆனால் தாத்தா மணி பார்த்த முகம் அதில் இருக்காது.